பெரியவனுக்கு என்ன ஆயிற்று?

"சாப்பிட்டாயா?" "எப்போது வந்தாய்?" "போன காரியம் என்ன ஆயிற்று?"

வயது வந்த பிள்ளையிடம் நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள் அநேகமாக இந்த மூன்றோடு முடிந்து விடுகின்றன. பெண்ணாக இருந்தால் நாலாவதாக ஒன்று கேட்போம்: "ஏண்டி, முகம் ஒரு மாதிரி இருக்கிறது?" பையனின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? மீசை அரும்பியதும் அவனுக்குத் தலை வாரி விடுவதை அம்மா நிறுத்தி விடுகிறாள். எந்தத் தேதியில் நிறுத்தினாள் என்று அவளுக்கும் ஞாபகம் இராது. முகம் பார்ப்பதும் அதே தேதியில்தான் நின்று போகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த வாரம் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். "மனோவியாதி சமாசாரமா? நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், அம்மா. கதாநாயகி ரயிலடியில் நிற்கிறாள். ரயில் வர இன்னும் பத்து நிமிஷமாகும்.

திருவண்ணாமலையிலிருந்து தெற்கே சங்கராபுரம் போகிற வழியில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது மூங்கில்துறைப்பட்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊர். மேலே சாத்தனூர் அணை. ஊருக்கு அடையாளம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டி நிற்கும். பாகு வாசனை காற்றில் மிதக்கும். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். சினிமாவில் ஒரு பாட்டு எடுக்கலாம், அவ்வளவு அழகு.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டை மனசில் நினைத்துக் கொள்ளுங்கள். இன்னார் வீடு என்று சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது, பல வீடுகளில் நடப்பதை ஒரே கூரையின் கீழ் வைத்துக் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

காலனித் தெரு. அப்பா கரும்பு வெட்டுகிறவர். அம்மா களையெடுக்கப் போகிறவள். ஆயா ஒருத்தி, தம்பி ஒருவன், தங்கை ஒருத்தி. பெரியவனுக்கு இருபத்து நாலு வயது. அந்த வம்சத்திலேயே முதல் முதலாகக் காலேஜ் வாசல் மிதித்தவன். ஒரு தனியார் என்ஜினீயரிங் காலேஜில் நாலு வருஷம். மூன்று பேப்பர் அரியர். அதையும் எழுதித் தேறினான். பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். சேர்ந்த முதல் வாரமே ஒருவன் கேட்டான்: "உங்க ஊர்ல நீங்க எந்தப் பக்கம்? ஊரா, காலனியா?" பதில் சொன்ன பிறகு அந்த அறையில் யாரும் அவனிடம் சண்டை போடவில்லை. அவன் தண்ணீர் குடிக்கும் பாட்டிலை மட்டும் வேறு யாரும் தொடுவதில்லை. இரண்டு வருஷத்தில் ஒப்பந்தம் முடிந்தது. ஊர் திரும்பினான்.

ஊரில் அவனுக்கு 'என்ஜினீயர்' என்று பட்டப் பெயர். டீக்கடையில் "வாங்க என்ஜினீயர்" என்றால் அது மரியாதையா கேலியா என்று கண்டுபிடிக்க முடியாது. அப்பாவோடு கரும்பு வெட்டப் போகலாமென்றால், "இதுக்குத்தான் படிச்சியா?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். போகாமல் இருந்தால், "அப்பன் வெட்டறான், புள்ள தூங்கறான்" என்று சொல்ல அதே நாலு பேர் இருக்கிறார்கள்.

இப்போது அவன் இரவு இரண்டு மணிவரை செல்போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். காலை பத்து மணிக்கு எழுந்திருக்கிறான். தட்டை எடுத்துக்கொண்டு தனியாகத் திண்ணைக்குப் போகிறான். பாதிச் சோறு நாய்க்குப் போகிறது. சீப்பை எடுத்தாள் என்பதற்காகத் தங்கையை ஓர் அறை அறைந்தான். இதற்கு முன் அவன் அவளைத் தொட்டு அடித்ததே இல்லை. சனிக்கிழமை மட்டும் குடித்தவன், இப்போது கிழமை பார்ப்பதில்லை. உயிருக்கு உயிராக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைத் தம்பியிடம், "நீயே வச்சுக்கோடா" என்று கொடுத்துவிட்டான். தம்பிக்குச் சந்தோஷம்.

அம்மா, "படிச்ச திமிரு" என்கிறாள். அப்பா, "சோம்பேறி" என்கிறார். ஆயா, "காத்து கருப்பு ஏதோ அண்டிடுச்சு" என்கிறாள். மூன்று பேரில் உண்மைக்குக் கிட்டே வந்தவள் ஆயாதான் என்பேன். அவனை ஏதோ பிடித்திருக்கிறது, அது அவன் குற்றமில்லை என்று அவள் ஒருத்தியாவது ஒப்புக்கொண்டாளே!

அவனைப் பிடித்திருப்பதற்கு டாக்டர்கள் மனச்சோர்வு நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பெண்களுக்கு அது வந்தால் அழுகையாக வெளியே தெரியும். வாலிபப் பிள்ளைகளிடம் அநேகமாக அது அழுகையாக வருவதில்லை. கோபமாக வரும், குடியாக வரும், கண்மண் தெரியாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதாக வரும், ஒன்றுமே பேசாத மௌனமாக வரும். "எனக்குத் துக்கமாக இருக்கிறது" என்று அவன் வாயில் வராது. அப்படிச் சொல்வதற்கு வார்த்தையை நாம் அவனுக்குக் கற்றுத் தரவே இல்லையே! ஐந்து வயதில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதபோதே, "பொட்டப் புள்ள மாதிரி என்னடா அழுகை" என்று அதை அடைத்து விட்டோம். ஆகவே அவன் உடம்பின் பாஷையில் சொல்கிறான்: "தலை கனமா இருக்கு." "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு." "எதுலயும் ஒரு புடிப்பு இல்ல."

"வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நீங்கள் சொல்லலாம். பாதி உண்மை. மீதிப் பாதிக்காக உங்களைக் கொஞ்ச தூரம், அமெரிக்கா வரையில், அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. போவதற்கு முன்னால் திருவனந்தபுரத்தில் ஒரு நிமிஷம்.

1959-ஆம் வருஷம் மார்ட்டின் லூதர் கிங் தம் மனைவி கொரெட்டாவுடன் இந்தியாவுக்கு வந்திருந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஜாதிக் குழந்தைகள் படிக்கும் பள்ளி. தலைமையாசிரியர் எழுந்து, "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம் இனத்தவர், அவரும் ஒரு தீண்டப்படாதவர்" என்ற பொருள்பட அவரை அறிமுகம் செய்து வைத்தார். கிங்குக்குச் சுருக்கென்றது. உலகம் போற்றும் தம்மையா அப்படிச் சொல்வது! பிறகு, தம் நாட்டில் கோடிக்கணக்கான கறுப்பின மக்கள் எந்த வீடுகளில் இருக்கிறார்கள், எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்து, "ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான்" என்று முடிவுக்கு வந்தாராம். ஆறு வருஷத்துக்குப் பின், 1965-இல், தம் தேவாலயப் பிரசங்கத்தில் அவரே சொன்னது இது.

அந்தத் தலைமையாசிரியர் கண்ட ஒற்றுமை மனசு விஷயத்திலும் உண்டு. அமெரிக்கக் கறுப்பர்களிடையே ஜான் ஹென்றி என்ற தொழிலாளியைப் பற்றி ஒரு நாட்டுக் கதை வழங்குகிறது. ரயில் பாதைக்காகச் சம்மட்டியால் பாறை உடைக்கிறவன். நீராவி யந்திரம் ஒன்று வந்தது. "யந்திரமா நானா, பார்த்து விடலாம்" என்று போட்டி போட்டான். ஜெயித்தும் விட்டான். ஜெயித்த இடத்திலேயே, கையில் சம்மட்டியோடு விழுந்து உயிரை விட்டான்.

வட கரோலினாவில் ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், அவரும் கறுப்பினத்தவர், 1970-களின் கடைசியில் ஒரு கிழவரைச் சந்தித்தார். குத்தகைக் குடியானவராகப் பிறந்து, இரண்டாம் வகுப்புப் படிப்போடு, இரவு பகல் பாராமல் உழைத்து, நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரரானவர். ஆனால் ஐம்பதுகளிலேயே ரத்தக் கொதிப்பு, மூட்டு வாதம், வயிற்றுப் புண் எல்லாம் வந்து உடம்பு உடைந்து போயிற்று. கிழவரின் பெயர், தற்செயலாக, ஜான் ஹென்றி மார்ட்டின்! எல்லாக் கதவும் சாத்தியிருக்கும் உலகத்தில், "நான் இன்னும் கொஞ்சம் பாடுபட்டால் திறந்துவிடும்" என்று தோளால் இடித்துக்கொண்டே இருப்பவனின் உடம்பு என்ன ஆகிறது என்று ஜேம்ஸ் ஆராய்ந்தார். 1983-இல் அதற்கு ஜான் ஹென்றியின் பெயரையே வைத்தார். படிப்பும் பணமும் இல்லாத கறுப்பின ஆண்களில், அதிகமாக முட்டி மோதுகிறவர்களுக்கே ரத்தக் கொதிப்பு அதிகம் என்று கண்டார்.

நம் மூங்கில்துறைப்பட்டுப் பையனையும் ஒரு ஜான் ஹென்றி என்று சொல்லலாம் அல்லவா? வசதியான வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தோற்றால் ஒரு பையன் தோற்றான் என்பதோடு சரி. இவன் தோற்றால் ஒரு தெருவே தோற்றுப் போகிறது. "அவங்களுக்கெல்லாம் படிப்பு எங்கே வரும்" என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. ஜெயித்தாலோ, "சலுகையில வந்தவன்தானே" என்று சொல்ல இன்னொரு கூட்டம். வேலை கிடைத்த பிறகும் இந்தச் சுமை முதுகிலேயே இருக்கும். அறைத்தோழன் கேட்ட அந்தக் கேள்வி, வேலையில் இருந்தபோதுதானே வந்தது?

இதைத் தாய்மார் சிலர் கோர்ட்டு வரையில் கொண்டுபோய்ச் சொன்னார்கள். 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலா தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தையல் வேலை செய்து அவரைப் படிக்க வைத்தவர் தாயார் ராதிகா. 2019 மே மாதம் பம்பாயில் பாயல் தட்வி என்ற ஆதிவாசிப் பெண் டாக்டரையும் அவ்வாறே இழந்தோம். அவருடைய தாயார் ஆபிதா. அந்த வருஷமே இந்த இரண்டு அம்மாக்களும் சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். காலேஜ்களில் ஜாதிப் பாகுபாட்டைத் தடுக்க ஏற்கெனவே இருக்கும் விதிகளை நிஜமாகவே நடத்திக் காட்டுங்கள் என்பது அவர்கள் கேட்டது. தங்கள் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்து, யாரோ பெற்ற பிள்ளைகளுக்காகக் கோர்ட்டுப் படி ஏறினார்கள்.

ஊரிலிருந்து இனி மலைக்குப் போகலாம். கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மலையாள தேசத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். 1976 வரையில் அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் பெற்று ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்துத்தான் சர்க்கார் அங்கே போய்ச் சேர்ந்தது என்றால் ரோடும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் எவ்வளவு பின்னால் போயிருக்கும், பாருங்கள். அம்மா அப்பா மிளகு பறிக்கவும் காப்பித் தோட்டத்துக்கும் வெளி மாநிலம் போய்விட, குழந்தைகள் உண்டு உறைவிடப் பள்ளியில் வளர்கிறார்கள். பையன் பெரியவனாகும்போது தரகன் வருகிறான். கையில் முன்பணம். "ஆந்திராப் பக்கம் மரம் வெட்டற வேலை, நாலு நாள்தான்" என்கிறான். என்ன மரம் என்பதை மட்டும் சொல்வதில்லை.

செம்மரம்! 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேர் இறந்தார்கள். அதிகம் பேர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தார். 2018 பிப்ரவரியில் கடப்பை ஜில்லா ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. ஐந்தும் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்துக் கருமந்துறைப் பிள்ளைகள். மரம் கடத்தும் முதலாளி யார் என்று எவருக்கும் தெரிவதில்லை. சாவது கோடாலி பிடித்தவன். ஜெயிலுக்குப் போய்த் திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் தூங்குகிறார்களா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு 2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரம் என்றால் உங்களுக்கே ஞாபகம் வரும். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள், தலித் குடும்பங்கள். தாய், தகப்பன் இருவரையும் பறிகொடுத்த குழந்தைகளும் அதில் உண்டு. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று சர்க்கார் அறிவித்தது. "குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்று பட்டணத்தில் எத்தனையோ பேர் மூக்கில் விரலை வைத்ததை நானும் கேட்டேன். மூட்டை தூக்கிய முதுகு வலிக்கும், விடியாத நாளைக்கும் மலிவாகக் கிடைத்த ஒரே மருந்து என்று நினைத்து அதைக் குடித்தார்கள். அது மருந்தல்ல, சோர்வை இன்னும் ஆழமாகத் தள்ளும் குழி, வாஸ்தவம். ஆனால் அந்த இரவுக்குப் பின் பதினேழு, பதினெட்டு வயதில் ஒரே நாளில் குடும்பத் தலைவனாகிவிட்ட பையன்களை நினைத்துப் பாருங்கள். கொள்ளி வைத்தார்கள், அழ நேரமில்லை.

கணக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2022-ஆம் வருஷம் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகச் சர்க்கார் புள்ளிவிவரம். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் ஆண்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலிகள். அழத் தெரியாதவர்கள் என்று நாம் பெருமைப்படுகிறோமே, அவர்கள்தாம்.

சரி, நம்மால் ஆகக்கூடியது என்ன? ஜாதியை ஒழிப்பதும் வேலை கொடுப்பதும் நாட்டின் காரியம். அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்குள் செய்யக் கூடியவையும் உண்டு.

முதலாவது சமாசாரம், மருந்து டப்பா. வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து பல வீடுகளில் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. சாக வேண்டும் என்ற வேகம் பல பேருக்குச் சில நிமிஷம், சில மணி நேரம்தான் உச்சத்தில் இருக்கிறது; அந்த நேரத்தில் கைக்கு எட்டாமலிருந்தால் பிழைத்துக் கொள்கிறார்கள். இது வெறும் யூகமல்ல. இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை உச்சத்தில் இருந்தது. மிகக் கொடிய பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது வருஷத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நம் கடலூர் மாவட்டத்தில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் (1986-இல் சென்னையில் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு நிலையத்தை ஆரம்பித்தவர்) கிராமத்திலேயே ஒரு பொதுக் கட்டடம் அமைத்து, பாங்க் லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பெட்டியும் பூட்டும் கொடுத்து, மருந்தை அங்கே வைக்கச் செய்து பார்த்தார். பலன் தெரிந்தது. உங்களுக்கு வயல் இல்லை, சரி. மாமனாரின் தூக்க மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது? சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, யார் பேசுவது? எல்லா ஊரிலும் மனநல டாக்டர் இருக்க முடியுமா? ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்றொரு நாடு. தேசம் முழுவதற்கும் மனநல டாக்டர்கள் விரல் விட்டு எண்ணக் கூடிய அளவே இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டிக்ஸன் சிபாண்டா 2006-இல் ஒரு காரியம் செய்தார். ஹராரே நகரத்தில் பதினாலு பாட்டிமார்களைப் பொறுக்கி எடுத்து, பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு மரப் பெஞ்சியில் உட்கார வைத்தார். வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மனசைத் திறப்பார்கள். அந்த ஊர்ப் பாஷையில் இந்த நோய்க்குப் பெயர் 'குஃபுங்கிஸிஸா'. அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தமாம். நம் ஊரில், "ரொம்ப யோசனை பண்றான்" என்று சொல்கிறோமே, அதேதான்! 2016-இல் வெளியான ஆராய்ச்சியில், பெஞ்சியில் உட்கார்ந்தவர்கள் ஆறு மாதத்தில் மற்றவர்களைக் காட்டிலும் நன்றாகவே தேறியிருந்தார்கள். நம்மிடம் பாட்டிகளுக்கா பஞ்சம்? திண்ணைக்குத் திண்ணை இருக்கிறார்கள். ஒரே ஒரு சங்கடம். ஜிம்பாப்வேப் பாட்டிகளுக்கு முதலில் கற்றுக் கொடுத்தது வாயை மூடிக்கொண்டு கேட்பதை! நம் பாட்டிமார்களுக்கு, ஏன், உங்களுக்கும் எனக்கும்கூட, அந்தப் பாடம் கொஞ்சம் கஷ்டம்தான்.

அமெரிக்காவில் லொரன்ஸோ லூயிஸ் என்ற கறுப்பின வாலிபர் இன்னொரு வழி பிடித்தார். பையன்கள் டாக்டரிடம் போக மாட்டார்கள். முடி வெட்டிக்கொள்ளப் போவார்கள் அல்லவா? 2016-இல் அர்க்கன்ஸாஸ் மாகாணத்து லிட்டில் ராக் நகரில் தொடங்கி, முடி திருத்துகிறவர்களுக்கே பயிற்சி கொடுத்தார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, முகத்துக்கு முகம் பாராமல் பேசும்போது ஆண்பிள்ளைகளுக்கு வாய் திறக்கிறதாம். தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் தம் சலூனுக்குள் ஒரு நூல் நிலையமே வைத்து, காத்திருக்கிறவர்கள் கையில் புத்தகத்தைக் கொடுக்கிறார். நம் சலூன்களால் இதுவும் முடியும், அதுவும் முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டிலும் இந்த யுக்தியைக் கையாளலாம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள். கடைக்குப் போகும்போது கூட நடந்துகொண்டு, வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வெங்காயம் உரிக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்துகொண்டு, "ரெண்டு வாரமா பாக்கறேன் கண்ணு, நீ நீயா இல்ல. என்னன்னு சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். முதல் நாள், "சும்மா இரும்மா" என்பான். இரண்டாம் நாளும் அதையே சொல்வான். மூன்றாம் நாள் எத்தனை வெங்காயம் ஆனாலும் எழுந்து போகாதீர்கள். பெரியப்பா பையன் பெங்களூரில் என்ன சம்பளம் வாங்குகிறான் என்பதை அன்றைக்கு மட்டுமாவது எடுக்காதீர்கள்.

சந்தேகம் பலமாக இருந்தால் நேராகவே கேட்டு விடுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?" கேட்டால் நாமே நினைப்பூட்டியது போல் ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். அப்படி ஆவதில்லை என்று இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்கிறார்கள். கேட்டதும் பல பேருக்கு நெஞ்சுப் பாரம் இறங்குகிறது. "ஆமாம்" என்றானானால், தயவுசெய்து என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய் என்று கையைப் பிடிக்காதீர்கள். சத்தியம் அவன் வாயை மறுபடியும் பூட்டிவிடும். தனியே விடாமல் கூடவே இருந்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று முன்பு பயந்தார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை.

மேல்மலையனூர் அமாவாசைக்கு ஆயா அவனை அழைத்துப் போக வேண்டும் என்கிறாளா? போய் வரட்டும். அங்காளம்மன் யாரையும் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொன்னதில்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. கள்ளக்குறிச்சியில் 2022 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரியே வந்து விட்டது. மாத்திரை கொடுத்தால் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் குணம் தெரியத் தொடங்கும். "பத்து நாள் தின்னான், ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துவது தோசை சுடுவதற்குள் கல்லை இறக்குவது போல. தேறிய பிறகும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

இன்னொரு கை வைத்தியம் நம்மிடம் இருக்கிறது. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்!" இதைச் சொல்பவர்கள் அநேகமாகப் பெண்கள் என்பதால் இங்கே கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. எவர் வீட்டுப் பெண்ணோ ஒருத்தி, வாழை மரமும் மேளமுமாக வந்து இறங்கி, மூன்றாம் மாதம் அந்தப் பையனின் கோபத்தையும் குடியையும் முதுகில் வாங்கிக்கொள்ள வேண்டுமா? அவள் என்ன, மருந்தா? பையனுக்கும் இது நன்மை இல்லை. தாங்க முடியாத சுமையோடு திணறுகிறவன் தலையில் இன்னொரு குடும்பத்தை ஏற்றுகிறோம். முதலில் குணமாகட்டும். முகூர்த்தம் வருஷா வருஷம் வருகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் இந்திய சர்க்கார் ஆரம்பித்த 'டெலி மானஸ்' சேவை. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சம்பந்தப்பட்ட பையனே பேச வேண்டும் என்பதில்லை. அவனைப் பற்றிய கவலையில் தூக்கம் பிடிக்காமல் கிடக்கும் அம்மாவோ அக்காவோ கூடக் கூப்பிட்டு, "எங்க வீட்டுப் பெரியவன் கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கான், நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்கலாம்.